மாலத்தீவு ரிசார்ட்டா, சிங்கப்பூர் கப்பலா: கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பினால் எது கட்டுப்படியாகும்?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாங்காய் மண்டி வைத்திருக்கிறார், சீசன் முடிந்ததும் மனைவியையும் பத்து வயது, ஏழு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு எங்காவது கடல் பார்த்த மாதிரிப் போய்வர வேண்டும், கையில் நாலு லட்சம் வரை இருக்கிறது. மாலத்தீவில் ஒரு ரிசார்ட் இரவுக்கு 27,000 ரூபாய் என்று விளம்பரம் பார்த்திருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலில் நாலு இரவுக்கு ஆளுக்கு 45,000 என்று இன்னொரு விளம்பரம். "ரிசார்ட் நாலு இரவுக்கு 1,08,000, கப்பல் நாலு பேருக்கு 1,80,000. அப்போ ரிசார்ட்தானே அண்ணா மலிவு?" என்பதுதான் கேள்வி.

இல்லை தம்பி. வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து திரும்பி வந்து திறக்கும் வரை கணக்குப் போட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும், அதுவும் உங்கள் நாலு லட்சத்தை ஒட்டியே. விளம்பரத்தில் இருப்பது ரிசார்ட்டுக்கு அறை விலை, கப்பலுக்குத் தலை விலை. இந்த இரண்டையும் நேரடியாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது, வெளியே என்ன நிற்கிறது என்று பிரித்துப் பார்ப்போம். டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். அறை, டிக்கெட், படகு விலைகளெல்லாம் நடுத்தரமாக நான் வைத்துக்கொண்ட எண்கள், தேதிக்குத் தேதி மாறும். வரி விகிதங்கள் மட்டும் அரசு வைத்திருப்பவை.

முதலில் மாலத்தீவு. 27,000 என்றால் 300 டாலர். அந்த விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி சின்னதாகப் போட்டிருப்பார்கள், அதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. ஒரு கூட்டல் சேவைக் கட்டணம், 10 சதவீதம். இன்னொன்று அந்த நாட்டின் சுற்றுலா ஜிஎஸ்டி. அது 2022 வரை 12 சதவீதமாக இருந்தது, 2023-ல் 16 ஆனது, 2025 ஜூலை முதல் 17. இந்தப் பதினேழும் சேவைக் கட்டணம் சேர்த்த தொகையின் மேல்தான் விழும், ஆகவே மொத்தத்தில் 28.7 சதவீதம் ஏறுகிறது. உங்கள் 27,000 ரூபாய் அறை அங்கேயே 34,750 ஆகிவிட்டது. அப்புறம் பசுமை வரி என்று ஒன்று. ரிசார்ட்டில் தங்கினால் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், 2025 ஜனவரிக்கு முன்பு 6 டாலராக இருந்ததை இரட்டிப்பாக்கிவிட்டார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கிடையாது, உங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் உண்டு. நாலு பேர், நாலு இரவு, 192 டாலர், அதாவது 17,000 ரூபாய்க்கு மேல்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை, உண்மையில் பையைக் காலி செய்வது படகு. மாலத்தீவில் பெரும்பாலும் ஒரு ரிசார்ட் என்றால் ஒரு தனித் தீவு. மாலே விமான நிலையத்தில் இறங்கியபின் அந்தத் தீவுக்குப் போக ரிசார்ட் சொல்லும் வண்டியில்தான் போக வேண்டும், ஊபர் பிடிக்க முடியாது. பக்கத்துத் தீவு என்றால் ஸ்பீட்போட், தூரம் என்றால் கடல் விமானம். ஸ்பீட்போட்டுக்குப் போகவர பெரியவர்களுக்கு 150 டாலர், பிள்ளைகளுக்குப் பாதி என்று வைத்தால் குடும்பத்துக்கு 450 டாலர். கடல் விமானம் என்றால் ஆளுக்கு 400, 500 டாலர் என்று போகும், குடும்பத்துக்கே லட்சத்தைத் தாண்டிவிடும். அது பகலில் மட்டும்தான் பறக்கும் என்பதால் உங்கள் விமானம் மாலையில் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கு மாலேயில் தனியாக அறை எடுக்க வேண்டியிருக்கும். அறை விலை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக ஒரு ரிசார்ட் தெரிந்தால் முதலில் வரைபடத்தில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பத்தில் எட்டு, கடல் விமான தூரத்தில்தான் இருக்கும்.

சாப்பாடு அடுத்தது. தீவில் வேறு கடை இல்லை. நம் ஊரில் லாட்ஜில் அறை எடுத்துவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு எதிரில் பரோட்டா சாப்பிடுகிற கதையெல்லாம் அங்கே நடக்காது. காலை உணவு மட்டும் சேர்ந்த அறையை எடுத்தால் மதியமும் இரவும் அவர்கள் வைத்ததுதான் விலை, தண்ணீர் பாட்டிலுக்குக் கூட. அதனால் மூன்று வேளையும் சேர்த்து எடுப்பதுதான் புத்திசாலித்தனம். பெரியவருக்கு நாளைக்கு 80 டாலர், பிள்ளைக்கு 40 கூடுதல் என்று வைத்து வரியையும் போட்டால் நாலு நாளைக்கு 1,236 டாலர் வருகிறது. பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு இலவசம் என்று சில ரிசார்ட்டுகளில் சலுகை உண்டு, கேட்காமல் சொல்ல மாட்டார்கள், கேளுங்கள்.

கூட்டிப் பாருங்கள். அறை வரியோடு 1,544 டாலர், பசுமை வரி 192, படகு 450, சாப்பாடு 1,236. மொத்தம் 3,422 டாலர், ரூபாயில் 3,08,000. பெங்களூரிலிருந்து மாலே போகவர டிக்கெட் ஆளுக்கு 22,000 என்றால் நாலு பேருக்கு 88,000. ஆக 3,96,000. விளம்பரத்தில் 1,08,000-ஆக இருந்தது இது. யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் எழுதித்தான் இருக்கும், நாலு வெவ்வேறு பக்கங்களில் எழுதியிருக்கும், அவ்வளவுதான்.

இதில் நல்ல விஷயம் ஒன்று உண்டு. இந்தியர்களுக்கு அங்கே போய் இறங்கியதும் 30 நாள் விசா இலவசம், பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஒரு இணையப் படிவம் நிரப்பினால் போதும், அதற்கும் காசு இல்லை. காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை.

சரி, கப்பலுக்கு வருவோம். ஆளுக்கு 45,000 என்பது ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கினால், ஜன்னல் இல்லாத உள் அறைக்கு. அதே கேபினில் மேலே மடக்குக் கட்டிலில் படுக்கிற மூன்றாவது, நாலாவது ஆளுக்கு விலை குறைவு. சில சமயம் பிள்ளைகளுக்கு இலவசம் என்றே போடுவார்கள், ஆனால் அப்போதும் துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் பிள்ளைகளுக்கும் உண்டு. முதல் இருவருக்கு 500 டாலர் வீதம், பிள்ளைகளுக்கு 300 வீதம் என்றால் 1,600. துறைமுகக் கட்டணமும் வரியும் ஆளுக்கு 120 என்று 480. அப்புறம் டிப்ஸ். நம் ஊர் ஓட்டலில் விருப்பப்பட்டால் வைக்கிற பத்து ரூபாய் இல்லை இது, கட்டணமாகவே கணக்கில் ஏற்றிவிடுவார்கள். ராயல் கரீபியன் என்ற கப்பல் நிறுவனத்தில் சாதாரண கேபினுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர், ஏழு வயதுப் பையனுக்கும் அதேதான். நாலு பேருக்கு நாலு நாளைக்கு 296. மொத்தம் 2,376 டாலர், ரூபாயில் 2,14,000. இதற்குள் தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம், மாலை நிகழ்ச்சிகள் எல்லாம் அடக்கம். சிங்கப்பூரிலிருந்து போகிற கப்பல்களில் நம் நாட்டுக் கூட்டம் அதிகம் என்பதால் சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சம் இருக்காது. மது, சில சிறப்பு உணவகங்கள், இணையம், கரையில் சுற்றுவது இவை வெளியே.

ஆனால் கப்பலில் கால் வைக்கும் முன்பே ஆகிற செலவு இருக்கிறது. பெங்களூர் – சிங்கப்பூர் டிக்கெட் ஆளுக்கு 28,000 என்றால் 1,12,000. விசா அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், முகவர் கூலியோடு ஆளுக்கு 3,500 என்று 14,000. முந்தின நாளே போய்விட வேண்டும், ஆகவே ஓர் இரவு ஓட்டல், நாலு பேருக்கு 18,000. அன்றைய சாப்பாடு, டாக்ஸி 8,000. பினாங்கிலோ புக்கெட்டிலோ இறங்கிச் சுற்ற 15,000. ஒரு போனுக்கு இணையம் நாளைக்கு 20 டாலர் வீதம் 7,200. கூட்டினால் 3,88,000.

பார்த்தீர்களா, 3,96,000-க்கும் 3,88,000-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? மண்டிக் கணக்கில் இது கழிவு மாதிரி.

முந்தின நாளே போக வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், விமானம் தாமதமானாலும் ரிசார்ட் அங்கேயேதான் இருக்கும், கப்பல் இருக்காது. நாம் வேறு கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூர் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். ஓசூர் வரை பறந்துவிடலாம், அத்திப்பள்ளி தாண்டினால் எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று நம் தலைவிதி வேறொருவர் கையில். ஓசூரிலிருந்து மாலூர், ஹோஸ்கோட்டே வழியாகப் போனால் ஊருக்குள் நுழையாமல் போகலாம், தூரம் கொஞ்சம் கூடினாலும் நேரம் உறுதி. தருமபுரிக்காரர்களும் இதே வழிதான், ரயிலில் பெங்களூர் வரை போய் அங்கிருந்து விமான நிலையப் பேருந்து பிடிப்பது ஆள் குறைவாக இருந்தால் மலிவு, பெட்டியும் பிள்ளைகளுமாக நாலு பேர் என்றால் கார்தான் சரி. இந்தச் செலவு இரண்டுக்கும் பொது என்பதால் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது இதே கணக்கைக் கணவன் மனைவி இரண்டு பேருக்கு மட்டும் போட்டுப் பாருங்கள், படம் மாறிவிடும். ரிசார்ட்டில் அறை விலை அப்படியே 1,544 டாலர், ஆள் பாதியானாலும் அது பாதியாகாது. மொத்தம் டிக்கெட்டோடு 2,93,000 வருகிறது. கப்பலில் பெரும்பாலும் தலைக்கணக்கு என்பதால் 2,22,000-ல் முடிந்துவிடுகிறது. அதாவது இரண்டு பேராகப் போனால் கப்பல் 70,000 மலிவு, அதே அறையில் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்தால் ரிசார்ட்டில் ஒரு லட்சம்தான் கூடுகிறது, கப்பலில் 1,66,000 கூடுகிறது. குடும்பமாகப் போனால் கப்பல் லாபம், ஜோடியாகப் போனால் ரிசார்ட் லாபம் என்று பலர் சொல்வார்கள். பணத்தை மட்டும் பார்த்தால் ஜோடிக்குத்தான் கப்பல் லாபம், குடும்பத்துக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிள்ளைகள் பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் பல ரிசார்ட்டுகளில் பெரியவர் கணக்கு, சில இடங்களில் ஒரே அறையில் விடவும் மாட்டார்கள், அப்போது இந்த லாபமும் போய்விடும். உங்கள் பெரிய பிள்ளைக்குப் பத்து என்பதால் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

அம்மா அப்பாவையும் சேர்த்துக்கொண்டு ஆறு பேராகப் போவதாக இருந்தால் இரண்டு பக்கமும் இரண்டாவது அறை வேண்டும், அப்போது நான் யோசிக்காமல் கப்பல் என்பேன். லிஃப்ட் இருக்கும், மருத்துவர் இருப்பார், படகில் ஏறி இறங்கித் தடுமாற வேண்டாம். ஆனால் கப்பல் மருத்துவர் இலவசம் இல்லை, ஒரு ட்ரிப்ஸ் போட்டாலே டாலரில் பில் வரும். கப்பல் பயணத்தையும் சேர்த்துக்கொள்ளும் பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் எந்தச் செலவு நம் கையில் இருக்கிறது என்பதில்தான். மாலத்தீவில் படகு, வரி, சாப்பாடு எதையும் தவிர்க்க முடியாது, ஆனால் கிளம்பும் முன்பே கடைசி டாலர் வரை தெரிந்துவிடும், போன பிறகு பர்ஸைத் தொடாமலே திரும்பலாம். கப்பலில் கட்டாயச் செலவு குறைவு, ஆனால் ஒரு அட்டையைக் கொடுத்துவிடுவார்கள், எல்லாவற்றுக்கும் அதைத் தட்டினால் போதும். பிள்ளைகள் ஐஸ்கிரீம் மாதிரி ஏதோ வாங்குவார்கள், போட்டோ எடுப்பார்கள், வீடியோ கேம் அறை இருக்கும், நீங்கள் மாலையில் இரண்டு பியர் குடிப்பீர்கள், கடைசி நாள் காலையில் கதவிடுக்கில் பில் வந்து கிடக்கும். கேசினோ பக்கம் போகிற ஆள் என்றால் இந்தக் கணக்கு முழுவதையும் கிழித்துப் போட்டுவிடலாம். குடிப்பழக்கம் இல்லாத, பிள்ளைகளை அதட்டி வைக்கத் தெரிந்த குடும்பம் கப்பலில் கெட்டிக்காரத்தனமாகச் செலவு செய்யலாம்.

போனை மட்டும் மறக்காதீர்கள். கரையை விட்டு விலகியதும் போன் தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் பேக்கில் அது பெரும்பாலும் சேராது. ஏறியவுடன் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டுக் கப்பல் வைஃபை மட்டும் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் மண்டி நிலவரம் கேட்காமல் நாலு நாள் இருக்க முடியும் என்றால் அந்த 7,200-ம் மிச்சம்.

நாலு லட்சம் அதிகம் என்று நினைத்தால் இரண்டு பக்கமும் கீழே இறங்க வழி இருக்கிறது. மாலத்தீவில் ரிசார்ட் தீவுகள் தவிர மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் உண்டு, மாஃபுஷி அதில் பெயர் பெற்றது. சின்ன இல்லங்களில் பசுமை வரியும் பாதி, ஆளுக்கு 6 டாலர்தான். மாலேயிலிருந்து அரசுப் படகு சில டாலர்களில் கொண்டுபோய் விடும், வெள்ளிக்கிழமை மட்டும் அதை நம்பாதீர்கள். தெருவில் கடைகள் உண்டு, வெளியே சாப்பிடலாம். மது கிடையாது, உடையிலும் கொஞ்சம் கட்டுப்பாடு உண்டு, நீச்சலுடைக்கென்று கடற்கரையில் தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள். கடல் அதே நீலம்தான். ஒரு நாள் மட்டும் பணம் கட்டிப் பக்கத்து ரிசார்ட்டில் போய் இருந்துவிட்டும் வரலாம். டிக்கெட்டோடு சேர்த்து இரண்டு லட்சத்துக்குள் குடும்பமே முடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்பதால், என்னைக் கேட்டால் மாலத்தீவுக்குப் போகிற நடுத்தரக் குடும்பத்துக்கு இதுதான் சரியான வழி.

கப்பல் பக்கம் என்றால் சென்னை. கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து முதல் பயணம் கிளம்பியது, அடுத்த வருடம் இலங்கைக்கும் போனது. அரபிக் கடலில் மழைக்காலம் வந்துவிட்டால் மும்பையை விட்டு இந்தப் பக்கம் வருவது அதன் வழக்கம், அதனால் வருடம் முழுக்கச் சென்னையில் இருக்காது, தேதி பார்த்துக்கொள்ளுங்கள். இதில் பெரிய மிச்சம் விமான டிக்கெட்டும் விசாவும்தான், மேலே போட்ட கணக்கில் ஒன்றேகால் லட்சம் அப்படியே விழுந்துவிடும். கிருஷ்ணகிரியிலிருந்து வேலூர் வழியாக நேராகத் துறைமுகம். கடலுக்குள் போய்த் திரும்பும் உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதார் போதும், இலங்கை என்றால் பாஸ்போர்ட் வேண்டும். ஆனால் இது 1990-ல் கட்டிய கப்பல், முன்பு ராயல் கரீபியனிடம் இருந்தது, சிங்கப்பூர் கப்பல்களின் அளவுக்குப் பெரியதும் இல்லை. மழைக்கால வங்கக் கடலில் நன்றாகவே ஆடும். ஒகேனக்கல் பரிசலிலேயே தலைசுற்றுகிறவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு, விலையும் அங்கேதான் குறைவு. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போகிற வழி மலாக்கா நீரிணை, இரண்டு பக்கமும் நிலம் என்பதால் அந்தக் கவலை அவ்வளவு இல்லை.

எப்போது போவது? மாங்காய் சீசன் ஜூலையில் ஓய்ந்துவிடும், ஆனால் ஆகஸ்டில் பிள்ளைகளுக்குப் பள்ளி. டிசம்பர் கடைசி வாரம் என்றால் மேலே போட்ட விலைகளில் ஒன்று கூட நிற்காது. செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறைதான் உங்களுக்குப் பொருந்தும். அது மாலத்தீவில் மழைப்பருவம், அதனால்தான் விலை குறைவு, மூன்று நாள் வெயில் ஒரு நாள் மழை என்று இருக்கலாம், நாலு நாளும் மழையாகவும் இருக்கலாம். தனித்தீவில் நாலு நாள் மழை பெய்தால் ஏழு வயதுப் பையனை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கப்பலில் மழை பெய்தாலும் உள்ளே சுற்ற இடம் உண்டு. இதே காரணத்துக்காக உங்களுக்கு நான் சொல்வது கப்பல். நாலு பேர் தங்கும் கேபின்கள் ஒரு கப்பலில் குறைவாகத்தான் இருக்கும், முதலில் தீர்வது அவைதான், நாலைந்து மாதம் முன்னாலேயே பிடித்துவிடுங்கள்.

முகவரிடம் வெளிநாட்டுப் பேக்கேஜாக எடுத்தால் டிசிஎஸ் என்று ஒரு தொகை சேர்த்து வாங்குவார்கள். அது செலவு இல்லை, உங்கள் பான் எண்ணில் வரவாகி, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழியும் அல்லது திரும்பி வரும். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, பில் போடும் அன்று எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பான் எண்ணைத் தவறாமல் கொடுங்கள், யார் பெயரில் ரிட்டர்ன் போடுகிறீர்களோ அவர் பெயரிலேயே பில் வாங்குங்கள். நீங்களே கார்டில் டாலரில் கட்டினால் பேக்கேஜ் டிசிஎஸ் இல்லை, ஆனால் பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் போகும், அது திரும்பி வராது.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சிறுவர்களுக்கு ஐந்து வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள், சிங்கப்பூர் போகப் பயணத் தேதியிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். முடிகிற மாதிரி இருந்தால் புதுப்பித்த பிறகு மற்றதைப் பதிவு செய்யுங்கள்.